தனித்தனியே சரி, சேர்த்தால்?

ஒரு மென்பொருளில் ‘காத்திரு’ என்றொரு ஃபங்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 500 என்று கொடுத்தால் 500 மில்லிவிநாடி, அதாவது அரை விநாடி காத்திருக்கும். ஒரு நிரலாளர் தம் கிளையில் இந்த அலகை விநாடியாக மாற்றுகிறார். பொறுப்பானவர், அந்த ஃபங்ஷனை அழைக்கும் 14 இடங்களையும் தேடிப் பிடித்துத் திருத்திவிடுகிறார். அதே வாரம் வேறொரு கண்டத்தில் இருக்கும் இன்னொருவர் தம் கிளையில் புதிய டிரைவர் ஒன்றை எழுதுகிறார். அதில் பழைய வழக்கப்படி ‘காத்திரு(500)’ என்று ஒரு வரி. இருவருடைய நிரலும் அவரவர் கணினியில் எல்லாச் சோதனைகளிலும் தேறுகின்றன. இருவரும் தொட்ட கோப்புகள் வெவ்வேறு என்பதால் கிட் மென்பொருள் இரண்டு கிளைகளையும் எந்த எச்சரிக்கையும் தராமல் இணைத்துவிடுகிறது. இணைத்த பிறகு அந்த டிரைவர் எட்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றுபோகிறது.

இருவரும் தவறு செய்யவில்லை. பிழை அவர்கள் எழுதிய எந்த வரியிலும் இல்லை, இணைப்பில்தான் பிறந்தது. இந்த வகைப் பிழையைப் பிடிப்பதற்கே ஒருங்கிணைப்புச் சோதனை. ஒரே நிறுவனத்துக்குள் என்றால் மேலாளர் ஒருவர் இதற்கென ஆளை அமர்த்தலாம். சம்பளம் வாங்குவோரும் தன்னார்வலரும் கலந்து, ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் பார்க்காமலே எழுதும் திறமூலத் திட்டத்தில், சேர்த்துப் பார்க்கும் வேலை யாருடையது? அதை எப்போது செய்ய வேண்டும்? மென்பொருள் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வருகிறது. அந்த விடைகளையும் அவை தடுக்கி நிற்கும் இடங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கடைசியில் சேர்ப்பது

முதல் விடை, எல்லாரும் எழுதி முடித்த பிறகு சேர்ப்பது. இதற்கு மாறாக, 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், அந்த அனுபவத்திலிருந்து எழுதி 1975இல் வெளியிட்ட ‘தி மிதிக்கல் மேன் மந்த்’ நூலில், பாகங்களை ஒன்று ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒரே நேரத்தில் பலவற்றைச் சேர்த்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதே காரணம். 1990களில் மைக்ரோசாஃப்ட் தினசரி பில்ட் எடுப்பதை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்ற சொல்லை 1991இல் கிரேடி பூச் பயன்படுத்தினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் அதை நாளுக்குப் பலமுறை செய்யும் வழக்கமாக மாற்றியது.

திறமூல உலகமும் இந்தப் பாடத்தைச் சொந்தச் செலவில்தான் கற்றது. லினக்ஸ் கெர்னலில் முன்பு ஒற்றைப்படை எண் பதிப்புகள் வளர்ச்சிக்கு, இரட்டைப்படை எண் பதிப்புகள் பயன்பாட்டுக்கு என்று பிரிவு இருந்தது. 2.5 வரிசை 2001 நவம்பரில் தொடங்கியது. அதன் பலனான 2.6.0 வெளிவந்தது 2003 டிசம்பரில். இரண்டாண்டு மாற்றங்கள் ஒரே மூட்டையாக வந்து இறங்கின. இடைப்பட்ட காலத்தில் லினக்ஸ் விநியோக நிறுவனங்கள் பொறுக்க முடியாமல் புதிய நிரலைப் பழைய 2.4க்குள் தாங்களே ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருந்தது வெவ்வேறு கலவை. ஒன்றில் கண்ட சோதனை முடிவு இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. 2005 முதல் இன்றைய முறை: இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்க்கும் ‘மெர்ஜ் விண்டோ’, பிறகு ஆர்சி1 தொடங்கி ஏழோ எட்டோ வாரச் சோதனைப் பதிப்புகள், ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. கடைசியில் சேர்ப்பது என்ற விடையை இன்று யாரும் வெளிப்படையாக ஆதரிப்பதில்லை. ஆனால் மாதக்கணக்கில் தனிக்கிளையில் வளர்ந்து ஒருநாள் வந்து சேரும் ஒவ்வொரு பெரிய மாற்றமும் அதே விடைதான்.

பல கண்கள்

எரிக் ரேமண்டின் ‘தி கதீட்ரல் அண்ட் த பஜார்’ கட்டுரை 1997இல் வந்தபோது, திறமூலத்துக்கெனத் தனி விடை ஒன்று பிரபலமானது. போதிய பேர் பார்த்தால் எந்தப் பிழையும் ஆழத்தில் ஒளிந்திருக்காது என்பது அதன் சாரம். தனிப்பட்ட நிரல் வரிகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஒருங்கிணைப்புப் பிழைக்கு இது பொருந்துமா என்பது ஐயம். மேலே சொன்ன இரண்டு கிளைகளையும் நூறு பேர் தனித்தனியே படித்தாலும் பிழை கண்ணில் படாது. யாராவது இரண்டையும் சேர்த்து ஓட்டும்வரை பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

சேர்த்துவிட்டுப் பார்ப்பது

அடுத்த விடை: நிரலைப் பொதுக்கிளையில் சேர்த்துவிடு, உடனே சோதி, உடைந்தால் திரும்ப எடு. இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்த திட்டங்களில் மொசில்லா முதன்மையானது. நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வந்த டின்டர்பாக்ஸ் என்ற கருவி, பல இயங்குதளங்களில் ஓயாமல் பில்ட் எடுத்து முடிவை ஒரு வண்ணப் பலகையில் காட்டியது. பச்சை என்றால் தேறியது, சிவப்பு என்றால் பில்ட்டே உடைந்தது, ஆரஞ்சு என்றால் பில்ட் ஆனது ஆனால் சோதனை தோற்றது. பலகையைக் கவனிக்க ‘ஷெரிஃப்’ என்ற பொறுப்பு உருவானது. நிறம் மாறினால் மரத்தை மூடுவதும், அதாவது புதிய நிரல் சேர்ப்பதைத் தற்காலிகமாக நிறுத்துவதும், கெடுத்த மாற்றத்தைப் பின்வாங்குவதும் ஷெரிஃப் வேலை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் இதே விடையை வேறு விதமாகச் செய்கிறது. 2004இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் தொடங்கிய அதன் ‘பில்ட்ஃபார்ம்’, தன்னார்வலர்கள் தத்தம் இடத்தில் ஓட்டும் கணினிகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர் சூட்டப்படுகிறது. பழைய இயங்குதளம், அரிய செயலி, விசித்திரமான கம்பைலர் எனப் பலவகை இயந்திரங்கள் அதில் உண்டு. எந்த ஒரு நிறுவனமும் தன் செலவில் இவ்வளவு வகையை வாங்கி அடுக்கியிருக்காது. நிரல் சேர்ந்த சில மணி நேரத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரு ‘விலங்கு’ தோற்றதாகத் தெரியவரும். சேர்த்தவர் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே எழுதாத கடமை.

இந்த முறையின் பலவீனம் கணக்கில் இருக்கிறது. நாளுக்கு ஐந்து மாற்றங்கள் சேரும் திட்டத்தில் சிவப்பு வந்தால் காரணம் ஐந்தில் ஒன்று. நூறு மாற்றங்கள் சேரும் திட்டத்தில், முதல் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சிவப்பு அதன்மேல் படிந்துவிடுகிறது. மரம் மூடியிருக்கும் நேரத்தில் அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள், திறந்ததும் ஒரே நேரத்தில் தள்ளுகிறார்கள், மறுபடி உடைகிறது. போஸ்ட்கிரெஸில் இது தாங்குகிறது, ஏனெனில் பொதுக்கிளையில் நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவர்கள் அங்கே சில பத்துப் பேர்தான்.

வாசலிலேயே நிறுத்துவது

உடைந்த பிறகு ஓடுவதற்குப் பதில் உடையாத நிரலை மட்டும் உள்ளே விடலாமே என்பது நான்காவது விடை. ரஸ்ட் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர் 2014இல் இதை ஒரு விதியாக வகுத்து எழுதினார்: எல்லாச் சோதனையும் எப்போதும் தேறிய நிலையில் உள்ள களஞ்சியத்தைத் தானியங்கியாகப் பராமரிப்பது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்று சொல்லும் பெயரையே விதிக்கும் வைத்தார். ரஸ்ட் திட்டத்தில் போர்ஸ் என்ற ரோபோ இதைச் செய்கிறது. மதிப்பாய்வாளர் ‘ஆர் பிளஸ்’ என்று எழுதி ஒப்புதல் தந்ததும், போர்ஸ் அந்த மாற்றத்தை அப்போதைய பொதுக்கிளையோடு தற்காலிகமாக இணைத்து, இணைந்த வடிவத்தைச் சோதித்து, தேறினால் மட்டும் பொதுக்கிளையை நகர்த்துகிறது. கிளை தனியாகத் தேறியதா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. நம் ‘காத்திரு(500)’ பிழை இங்கே சிக்கும். அந்த டிரைவரைத் தொடும் சோதனை ஒன்றாவது இருந்தால்.

சிக்கல், வரிசை. ஒரு சோதனை ஓட்டம் 3 மணி நேரம் பிடித்தால் நாளுக்கு 8 மாற்றங்களுக்கு மேல் உள்ளே போக முடியாது. ரஸ்ட் இதற்குச் சிறிய, ஆபத்துக் குறைந்த மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறது. கட்டு தோற்றால் எது தோற்கடித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புரூக்ஸ் எச்சரித்த இடத்துக்கே சிறிய அளவில் திரும்பி வருகிறோம்.

மேகக் கணிமைக்கான ஓப்பன்ஸ்டாக் திட்டம் இன்னும் துணிச்சலான வழியை எடுத்தது. 2012இல் அதற்கென எழுதப்பட்ட ஸூல் என்ற கருவி ஊகத்தின் மேல் இயங்குகிறது. வரிசையில் அ, ஆ, இ என்று மூன்று மாற்றங்கள் நின்றால், ‘அ’ தனியாக, ‘அ’வும் ‘ஆ’வும் சேர்ந்து, மூன்றும் சேர்ந்து என மூன்று சோதனைகளையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். முன்னால் நிற்பவை தேறும் என்பது ஊகம். எல்லாம் தேறினால் ஒரு சோதனையின் நேரத்தில் மூன்றும் உள்ளே. ‘அ’ தோற்றால், அதை நம்பிப் பின்னால் ஓடிய எல்லாச் சோதனையும் குப்பை, மறுபடி முதலிலிருந்து. இந்த அமைப்பின் அழகு, பல களஞ்சியங்களில் பரவிய மாற்றங்களையும் ஒரே வரிசையில் வைத்துச் சோதிக்க முடிவது. நூலகம் ஒரு களஞ்சியத்தில், அதைப் பயன்படுத்தும் சேவை இன்னொன்றில் என்று பிரிந்து வளரும் திட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் நிரலுக்குத் தொடர்பே இல்லாத காரணத்தால் தோற்கும் வாய்ப்பு வெறும் 2 சதவீதம் என்று கொள்ளுங்கள். வரிசையில் 20 மாற்றங்கள் நிற்கின்றன. ஒன்றும் அப்படித் தோற்காமல் வரிசை முழுதும் கடக்கும் வாய்ப்பு 67 சதவீதம்தான். மூன்றில் ஒருமுறை வரிசை கலைந்து மறுபடி ஓடும். ஓப்பன்ஸ்டாக் நிரலாளர்களுக்கு ‘ரீசெக்’ என்று எழுதி மறுசோதனை கேட்பது அன்றாடப் பழக்கமானது. மறுசோதனையில் தேறியதும் பிழையை யாரும் தேடுவதில்லை. சில நேரம் அது உண்மையான பிழையாகவும் இருக்கும்.

இடையில் ஒரு மனிதர்

லினக்ஸ் கெர்னல் இந்த வாசலை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது என்பதே பெரும்பாலான பராமரிப்பாளர்களின் வாதம். ஒவ்வொரு வெளியீட்டிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. நிரலில் பெரும்பகுதி டிரைவர்கள்; அவற்றைச் சோதிக்க அந்தந்த வன்பொருள் வேண்டும். உலகத்தின் எல்லா நெட்வொர்க் அட்டையும் எல்லா ஒலி அட்டையும் ஒரே அறையில் இருக்கப்போவதில்லை.

அங்கே கிடைத்த விடை லினக்ஸ்-நெக்ஸ்ட். 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீஃபன் ராத்வெல் இதைத் தொடங்கினார். அதற்கு முன் இந்தச் சுமை ஆண்ட்ரூ மார்ட்டனின் ‘எம்எம்’ மரத்தின்மேல் இருந்தது. நடைமுறை இது: வேலை நாள்தோறும் லினஸ் டோர்வால்ட்ஸின் அன்றைய மரத்தை எடுத்துக்கொள்வது, அதன்மேல் நெட்வொர்க், கோப்பு முறைமை, கிராஃபிக்ஸ் என 300க்கும் மேற்பட்ட துணைமரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது, நடுநடுவே பில்ட் எடுத்துப் பார்ப்பது. ஒரு துணைமரம் மோதினால் மோதலைக் கையால் தீர்த்து, இரண்டு பக்கத்துப் பராமரிப்பாளர்களுக்கும் தீர்வோடு கடிதம் போகிறது. ஒரு துணைமரம் பில்ட்டை உடைத்தால், அன்று அதன் முந்தைய நாள் வடிவமே பயன்படுத்தப்படுகிறது. தேதியைப் பெயராகத் தாங்கி அன்றைய மரம் வெளியாகிறது. மறுநாள் அந்த மரம் கைவிடப்பட்டு முதலிலிருந்து மறுபடி கட்டப்படுகிறது.

தினமும் கட்டிக் கலைக்கும் இந்த மரத்தை யாரும் அன்றாடப் பயன்பாட்டுக்கு நிறுவிக்கொள்வதில்லை. எட்டு வாரம் கழித்து மெர்ஜ் விண்டோ திறக்கும்போது பொதுக்கிளை எப்படி இருக்கும் என்பதை இன்றே பார்க்கும் ஒத்திகை அது. நாடகத்தில் எல்லாரும் ஒரே மேடையில் நின்று பார்க்கும் முதல் ஒத்திகையில்தான் இருவர் ஒரே கதவால் நுழைவது தெரியும். லினக்ஸ்-நெக்ஸ்டில் இல்லாத நிரல் மெர்ஜ் விண்டோவில் திடீரென வந்தால் டோர்வால்ட்ஸ் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஒத்திகைக்கு இத்தனை மதிப்பு வந்ததற்கு அதுவே காரணம்.

ஒத்திகை மரம் கிடைத்ததும் அதன்மேல் சோதனை அமைப்புகள் வளர்ந்தன. இன்டெல் நடத்தும் ‘ஜீரோ-டே’ ரோபோ, நிரலாளர்களின் கிளைகளைத் தானே எடுத்து நூற்றுக்கணக்கான அமைப்புகளில் பில்ட் செய்து, உடைத்த கமிட்டைக் கண்டுபிடித்து எழுதியவருக்கே அஞ்சல் அனுப்புகிறது. 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்த கெர்னல்சிஐ, பல நிறுவனங்களின் ஆய்வகங்களில் உள்ள உண்மையான பலகைகளில் கெர்னலை ஏற்றிப் பார்க்கிறது. கூகுளின் சிஸ்பாட் 2017 முதல் தாறுமாறான அழைப்புகளைக் கெர்னலுக்குக் கொடுத்துப் பிழை தேடுகிறது. இவற்றுக்கெல்லாம் அடித்தளமான கருவி மிக எளியது: கிட் பைசெக்ட். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று கொடுத்தால் நடுவிலுள்ளதைச் சோதிக்கச் சொல்லும், பாதி கழியும், மறுபடி நடு. 12,000 மாற்றங்களில் ஒன்று குற்றவாளி என்றால் 14 சோதனையில் அது அகப்படும்.

குறைகளும் இதே அளவுக்குத் தெளிவானவை. லினக்ஸ்-நெக்ஸ்ட் பெரும்பாலும் பில்ட் ஆகிறதா என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். நம் ‘காத்திரு(500)’ அங்கே சத்தமில்லாமல் பில்ட் ஆகிவிடும். துணைமரத்துக்குள் வராமல் கடைசி நேரத்தில் நுழையும் நிரலை அது பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும்விட, பல ஆண்டுகள் ஒரே மனிதரின் அன்றாட உழைப்பில் இது நின்றது. அவர் விடுமுறையில் போனால் அந்த நாள்களில் மரம் வெளியாகாது என்ற அறிவிப்பு வந்தது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களையும் ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் தாங்கும் நிரலுக்கு இந்த அளவு ஆள்பலம் போதும் என்று சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வீட்டையும் சேர்த்து

ஒரு திட்டத்தின் எல்லைக்குள் எல்லாம் சரியாகி, வெளியே அதை நம்பியிருக்கும் மென்பொருள் உடைந்தால்? லினக்ஸ் விநியோகமான டெபியன் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. புதிய தொகுப்பு முதலில் ‘அன்ஸ்டேபிள்’ பகுதிக்கு வருகிறது. சில நாள் தங்கிப் பெரும்பிழை எதுவும் பதிவாகாவிட்டால் ‘டெஸ்டிங்’ பகுதிக்கு நகர்கிறது. 2019இல் வெளியான பஸ்டர் பதிப்புக்கான பணிகளின்போது இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: ஒரு நூலகம் புதுப்பிக்கப்பட்டால், அதைச் சார்ந்த மற்றத் தொகுப்புகளின் சோதனைகளும் ஓடும்; முன்பு தேறியது இப்போது தோற்றால் நூலகம் நகராது. ரஸ்ட் திட்டம் கிரேட்டர் என்ற கருவியால் இதையே செய்கிறது. கம்பைலர் மாற்றத்தைப் பொதுவெளியில் உள்ள ரஸ்ட் தொகுப்புகளின்மேல் ஓட்டிப் பார்க்கிறது. இரண்டுமே பொறுப்பை நகர்த்துகின்றன. என் மாற்றத்தால் அடுத்தவர் வீடு இடிந்தால் அது என் பிரச்சினை என்று ஆகிறது. அடுத்தவர் சோதனை எழுதி வைத்திருந்தால்தான் இதற்குப் பலன்.

சிவப்பைப் படிப்பவர்

மேற்கண்ட விடைகள் எல்லாம் சோதனை முடிவு நம்பத்தக்கது என்று எடுத்துக்கொள்கின்றன. இங்கேதான் எல்லாமே பலவீனப்படுகின்றன. நிரல் மாறாமலே ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் சோதனைகளை ‘ஃப்ளேக்கி’ என்கிறார்கள். கூகுள் 2016இல் தன் நிலைமையை வெளியிட்டது: சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படிப்பட்டவை. ஏறத்தாழ 16 சதவீதச் சோதனைகளில் இந்த நோய் ஓரளவு உண்டு. அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் இத்தகைய சோதனைகளைச் சரிசெய்த 201 கமிட்டுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, முதன்மைக் காரணமாகக் கண்டது ஒத்திசையாக் காத்திருப்பை. வேலை முடிந்ததா என்று கேட்காமல், ‘இரண்டு விநாடியில் முடிந்திருக்கும்’ என்று எழுதிவைத்த சோதனைகள் அவை. சர்வரில் பாரம் ஏறினால் இரண்டு விநாடி போதாது.

மொசில்லாவில் ஆரஞ்சு நிறத்துக்கு எதிரான போர் என்றே ஒரு முயற்சிக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் மிகையல்ல. பத்துமுறை பொய்யாக ஆரஞ்சு காட்டிய சோதனையைப் பதினோராவது முறை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இத்துடன் செலவும் சேர்கிறது. 2020 பிப்ரவரியில் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டங்களின் சோதனைச் செலவைத் தாங்க முடியாத நிலை வந்துவிட்டதாகவும், அந்தச் சேவையைச் சுருக்க நேரிடலாம் என்றும் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், சோதனைகளை ஓட்டித்தரும் டிராவிஸ் சிஐ நிறுவனம் தன் இலவசச் சேவையைக் கட்டுப்படுத்தியது. எண்ணற்ற திறமூலத் திட்டங்கள் சில வாரங்களில் வேறிடம் தேடின. பிறர் தயவில் ஓடும் சோதனையைத் திட்டத்தின் அடித்தளமாக நம்புவது ஆபத்து.

தீராதவை

இன்றைய நிலையில் இப்படிச் சொல்வது நியாயமாக இருக்கும். முழுமையையும் ஒரே இடத்தில் ஓட்ட முடிகிற திட்டத்துக்கு வாசல்முறையே சிறந்தது. அதன் செலவு அது தவிர்க்கும் குழப்பத்தைவிடக் குறைவு. முழுமையை ஒரே இடத்தில் ஓட்டவே முடியாத கெர்னல் போன்ற திட்டத்துக்கு ஒத்திகை மரமும், பரவிக்கிடக்கும் ஆய்வகங்களும், உடைந்தால் தயங்காமல் பின்வாங்கும் கண்டிப்பும் சேர்ந்த முறையே இப்போதைக்குக் கைகொடுக்கிறது. இரண்டையும் கலக்கும் முயற்சிகள் நடக்கின்றன. எந்த அளவு கலவை சரி என்பதற்குப் போதிய ஒப்பீட்டு ஆதாரம் இன்னும் திரளவில்லை.

இரண்டு கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, சோதனைகளையே நம்பலாமா என்பது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் இருந்த பின்கதவின் நச்சு நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது அந்தத் திட்டத்தின் சோதனைக் கோப்புகளுக்குள். சோதனைக்கான பைனரி என்று பெயரிட்டதால் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது எந்தச் சோதனை அமைப்பும் இல்லை. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏன் அரை விநாடி தாமதமாகிறது என்று விடாமல் தேடிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் நிரலாளர் அவர்.

மற்றொன்று, ரோபோக்கள் அனுப்பும் புகார்களை யார் படிப்பது என்பது. சிஸ்பாட் கண்டுபிடித்த பிழைகளில் நூற்றுக்கணக்கானவை தீர்க்க ஆளின்றிக் கிடக்கின்றன. கண்டுபிடிக்கும் வேகம் பல மடங்கு கூடிவிட்டது. தீர்ப்பவர்களின் எண்ணிக்கை அப்படிக் கூடவில்லை. இயந்திரம் வாங்கப் பணம் தரும் நிறுவனங்கள், முடிவைப் படித்துப் பிழை தீர்க்கும் ஆளுக்கும் சம்பளம் தர வேண்டும். இந்தக் கட்டுரை பரிசீலித்த எந்த விடைக்கும் அது இல்லாமல் வலுவில்லை.

எந்த ஆய்வகத்திலும் இல்லாத வன்பொருள் பயனர்களின் மேசையில் இருக்கிறது. உங்கள் மேசையில் ஐந்தாறு ஆண்டுப் பழைய மடிக்கணினி இருந்தால், அடுத்த ஆர்சி கெர்னலை அதில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். முந்தைய பதிப்பில் வேலை செய்த ஏதாவது இதில் செய்யவில்லை என்றால், இரண்டு பதிப்பு எண்களையும் வன்பொருளின் பெயரையும் குறித்துப் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள்.